நுரை அடங்குமுன்

கைபேசி மூன்றாவது தடவையாக அடித்தபோது சுபோதினி முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து முடித்திருந்தாள்.

அது கணவன் ராகுலனின் கைபேசி. சமையலறையில்தான் இரவில் சார்ஜில் கிடக்கும். திரையில் ‘ஜெகா அண்ணி’ என்றிருந்தது. நேரம் காலை ஆறு இருபது.

யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நேரத்தில் அண்ணி அழைப்பதென்றால் ஒரேயொரு செய்திதான். ராகுலனின் அண்ணன் வரதராசாவுக்கு வைத்தியர்கள் கைவிரித்து ஒரு கிழமையாகிறது. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு நாளாவது போய்விட்டு வா என்று அவரே வற்புறுத்தி அனுப்பியதால்தான் ராகுலன் நேற்று இரவு கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். உள்ளே அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் ஒலியை நிறுத்திக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் சாவுத் துடக்கு. இந்த அடுப்பில் ஒன்றும் வைக்க முடியாது. மெழுகுதிரி இல்லை, பிறந்தநாள் இல்லை. ராகுலன் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் மறுபடி பஸ் ஏறுவான்.

எடுக்காதவரை யாரும் சாகவில்லை.

ஹம்சிகாவுக்கு இன்றைக்கு ஒன்பது வயது. தேங்காய்ப்பூ வைத்துச் சுருட்டும் பான்கேக் வேண்டாம், யூடியூப்பில் வருகிற உப்பிய பான்கேக்தான் வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாள்.

நுரையை மாவில் மெல்லக் கலந்தாள். உடனே சுடாவிட்டால் நுரை அடங்கிவிடும். இறந்தவர் அரை மணித்தியாலம் பொறுப்பார், இது பொறுக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிள்ளைக்காகத்தான் என்பது முழு உண்மை இல்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு விடுமுறையும் அந்த நோய்க்குள் போய்விட்டது. ஒரு காலை, ஒரேயொரு காலை தனக்கென்று வேண்டியிருந்தது. 

மாவைத் தாச்சியில் ஊற்றி மூடி, நெருப்பைக் குறைத்தாள். கைபேசியின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து அடங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு மூவரும் மேசையில் இருந்தார்கள்.

“அப்பா, தட்டை ஆட்டிப் பாருங்கோ! ஜெல்லி மாதிரி ஆடுது!”

“இது பான்கேக்கோ, தலகணியோ? சாப்பிட்டிட்டு இதிலயே படுக்கலாம் போல கிடக்கு.”

ராகுலன் சிரித்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. இரண்டாவதை எடுத்துக் இனிக்கும் கித்துள் பாணியை ஊற்றினான். சாப்பிடட்டும், நன்றாகச் சாப்பிடட்டும் என்று சுபோதினி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு வாயும் இறங்கவில்லை.

அவன் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

“உங்கட போன் அடிச்சிருக்குப் போல,” என்று நீட்டினாள்.

தவறிய அழைப்புகள் பதினொன்று. ராகுலனின் முகம் வெளிறியது. நின்றபடியே எண்ணை அழுத்தினான். அண்ணி உடனே எடுத்தாள். அவளுடைய குரல் மேசைவரை கேட்டது.

“விடியத் தொடக்கம் உம்மோட ஒருக்காக் கதைக்க வேணுமெண்டு துடிச்சவர், தம்பி. நல்ல நினைவோட இருந்தவர். நான் எடுத்து எடுத்து அவற்ற காதில வைச்சனான், மணி மட்டும் அடிச்சுக்கொண்டே இருந்தது. இப்ப, ஒரு கால் மணித்தியாலம் இருக்கும்...”

ராகுலன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“நான்தான் சைலன்ற்றில போட்டிட்டுப் படுத்திட்டன் போல, அண்ணி. என்ர பிழைதான். நான்தான்...”

சுபோதினி வாய் திறந்தாள்.

பிறகு, மேசையிலிருந்த தட்டுகளைச் சத்தம் வராமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.