இடது கரை நாக்கு

பிரான்சின் ஒயின் நகரமான போர்தோவில் படகுச் சவாரி கிளம்பியதுமே கஸ்தோன் மனைவியிடம் ஆரம்பித்துவிட்டார்.

“நம்ம பொண்ணு கல்யாணத்துல உன் தம்பி ரெமியோட ஒயினா? ஆத்துக்கு வலது கரைல விளையுறதெல்லாம் சாலட்டுல வினிகரா ஊத்தத்தான் லாயக்கு. நாம இடது கரைக்காரங்க, ஒதில்!”



டிக்கெட்டோடு வந்த ஒயினைக் கஸ்தோன் சுழற்றினார், முகர்ந்தார், கொப்பளித்து விழுங்கினார். ஊரே தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

“இடது கரை! சந்தேகமே இல்ல. கல்யாணத்துக்கு இதைத்தான் ஊத்தணும்.”

“நிஜமாவா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நாக்கு யாருது? நூறு பாட்டில் சொல்லு!” என்று படகுக்கே கேட்கும்படி முழங்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒதில் போனை எடுத்தாள். “ரெமி, அத்தானுக்கு நூறு பாட்டில் வேணுமாம்டா. ஆமா, இந்தப் படகுக்கு நீ அனுப்புறியே, அதேதான்.”