முப்பத்தொரு சாட்சிகள்

அவன் பூர்ணிமாவின் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் தலையை மேசையில் மோதியபோது வகுப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மீதி முப்பத்தொரு பேரும் நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்த ஜெயப்பிரகாஷ் செல்போனில் மணி பார்த்துக் குறித்துக்கொண்டான். பத்து இருபது. பத்தரைக்கு வர வேண்டிய ஆள் முன்னாடியே வந்துவிட்டானே, பரவாயில்லை, ஆர்வம் உள்ளவன்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஜெயப்பிரகாஷும் தமிழினியும் எல்.எல்.எம். படிப்பவர்கள். சட்டக் கல்லூரி முதலாண்டில் திணறும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பிரிட்ஜ் கோர்ஸ் எடுத்தார்கள். பாதிப் பேர் ஆம்பூர்த் தோல் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் ஒடுகத்தூர் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். போன தேர்வில் சாட்சியப் பாடத்தில் தேறியது இரண்டே பேர். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் வகுப்பையே மூடிவிடுவேன் என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"புக்க வெச்சிக்கினு கத்துனா ஏறாது ஜெய். கண்ணு முன்னாடி ஒரு அடிதடி நடக்கட்டும். பாத்தத எழுதட்டும். அப்புறம் குறுக்கு விசாரண பண்ணுவோம்" என்று யோசனை சொன்னவள் தமிழினி.

நாடகக் குழுவிலிருந்து ஆளை அவளே கூட்டி வருவதாக ஏற்பாடு. அடி வாங்கப்போவது யார், சண்டை எதற்கு என்பதை ஜெயப்பிரகாஷிடம்கூடச் சொல்லவில்லை. "நீயும் ஒரு சாட்சிதான், நீயும் எழுது" என்றுவிட்டாள்.

அவன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தது இவ்வளவுதான்: "இன்னிக்கு இங்க ஒரு சம்பவம் நடக்கும். எது நடந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாத்தத மட்டும் எழுதணும்."

"வேணாம் மாமா! வுட்டுடு மாமா! சார், இவரப் புடிங்க சார்!" பூர்ணிமா அலறினாள்.

ஜெயப்பிரகாஷுக்குப் புல்லரித்தது. மூன்று மாதமாக வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்கிய பெண் இவள். இவளைப் போய் இப்படிப் பேசவைத்திருக்கிறாளே என்று தமிழினியை மனசுக்குள் பாராட்டினான். சத்தம் பக்கத்து வகுப்புக்குப் போகுமே என்று அவனே எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.

"பத்திரிக அடிச்சி ஊரெல்லாம் குடுத்தாச்சி. நீ பாட்டுக்குப் பொட்டியத் தூக்கினு ஹாஸ்டலுக்கு வந்துடுவியா? என்னை இன்னாடி நெனச்சிக்கினு இருக்க?" அந்த ஆள் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்.

தடுக்க நீட்டிய அவளுடைய உள்ளங்கை கிழிந்தது. வெள்ளைத் துப்பட்டா சிவந்தது. 'சிவப்பு மை கொஞ்சம் ஜாஸ்தி' என்று ஜெயப்பிரகாஷ் தன் தாளில் எழுதினான்.

முன் பெஞ்சில் சுஹேல் அகமது மட்டும் எழுந்துவிட்டான். அவன் அப்பா ஆம்பூரில் தோல் வெட்டும் வேலை பார்ப்பவர். "சார், அந்தக் கத்தி..."

"உக்காருடா! கத்தி எப்படி இருந்துச்சின்னு எழுது. கோர்ட்ல அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

சுஹேல் உட்கார்ந்தான். எழுதினான். தோல் வெட்டும் கத்தி. மரப்பிடி. புதிதாகச் சாணை பிடித்தது.

பூர்ணிமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு தலையும் குனிந்து எழுதியது. கத்தி அவள் விலாவில் இறங்கியது. உருவி மறுபடியும் இறக்கினான். அவள் மேசைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் சரிந்தாள்.

ஜெயப்பிரகாஷ் 'குத்து இரண்டு' என்று குறித்துக்கொண்டான். இவ்வளவு தத்ரூபம் தேவையா என்று தமிழினிமேல் லேசாகக் கோபம்கூட வந்தது.

அந்த ஆள் மூச்சிரைக்கக் கதவுப் பக்கம் வந்தான். ஜெயப்பிரகாஷ் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு அவன் தோளில் தட்டினான். "சூப்பர் ப்ரோ. பின்னிட்டீங்க."

அந்த ஆள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி ஓடினான்.

"எல்லாரும் பேனாவக் கீழ வைங்க. எத்தன வாட்டி குத்துனான்?"

"ரெண்டு சார்!"

"இல்ல சார், மூணு!"

"சட்ட இன்னா கலர்?"

"நீலம் சார்!" "கறுப்பு சார்!" வகுப்பே கலகலத்தது. ஒரு தடவைகூட இந்தப் பிள்ளைகள் இப்படி முண்டியடித்துப் பதில் சொன்னதில்லை. வகுப்பு பிழைத்தது என்று ஜெயப்பிரகாஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா, கண்ணு முன்னாடி நடந்ததுக்கே ஆளுக்கொரு கணக்கு. இதுதான் பாடம். பூர்ணிமா, போதும்மா, எழுந்து வா. எல்லாரும் அவளுக்குக் கை தட்டுங்க."

முப்பது பேர் கை தட்டினார்கள். சுஹேல் தட்டவில்லை. மேசைக்கு அடியிலிருந்து தன் செருப்பை நோக்கி வழிந்து வந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தமிழினி தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். அவளுக்குப் பின்னால், வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கத்தியோடு ஒரு இளைஞன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"ஜெய், பத்தரை ஆச்சு... ஆரம்பிக்கலாமா?"