"இன்னும் வரல அங்கிள்"

"விசா வந்திட்டுதோ பிள்ளை?"

கார் கதவைச் சாத்துவதற்குள் கேட்டுவிட்டார் யோகராசா.

"இன்னும் வரல அங்கிள்" என்றாள் ஹரிப்பிரியா, சீட் பெல்ட்டை இழுத்தபடி.

பச்சைப் பொய். வந்து இருபத்திரண்டு நாளாகிறது. இங்கே படிப்பை முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்க அரசாங்கம் தருகிற விசா. அந்த மின்னஞ்சலை ஒன்பது தடவை படித்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதவள்தான், இப்போது வாய் கூசாமல் இப்படிச் சொல்கிறாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அறைத்தோழி நிரூபா அன்றைக்கே எச்சரித்திருந்தாள்.

"யார்கிட்ட வேணா சொல்லு. அந்த யோகராசா அங்கிள்கிட்ட மட்டும் மூச்சு விடாதே! அகதியா படகுல வந்த மனுஷன். பதிமூணு வருஷமா தற்காலிக விசாவுலயே அல்லாடுறார். நேத்து வந்த உனக்குக் கிடைச்சா வயிறு எரியாதா? உன் பொண்ணு இங்க வந்து இறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். கண்ணு பட்டுச்சுன்னா எல்லாம் போச்சுடி."

பொண்ணு!

அந்த ஒரு வார்த்தைக்கு ஹரிப்பிரியா அடங்கிப்போனாள். நாமக்கல்லில் இவள் கணவனோடு இருக்கிறாள் குழந்தை. இவள் விமானம் ஏறியபோது நாலு வயது. இப்போது ஆறு. போன வாரம் வீடியோவில் வாயைத் திறந்து, விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டினாள். "அம்மா, பல்லை உனக்காக எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். அன்றைக்கு முழுக்க இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணவனுக்கும் குழந்தைக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. அது மட்டும் வந்துவிட்டால் போதும், சாமி!

அதுவரைக்கும் பொய்தான். வீடு இருக்கும் வெரிபீயிலிருந்து, இருவரும் வேலை பார்க்கும் ட்ருகனினா கிடங்குக்கு பஸ்ஸை நம்பினால் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் தினமும் இவர் காரில் ஏறுவாள். தினமும் அதே கேள்வி, அதே பதில்.

'அப்படி என்னதான் அக்கறை என் விசா மேலே?' என்று உள்ளுக்குள் பொருமினாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில், மனசு உறுத்தியதோ என்னவோ, டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"பள்ளிபாளையம் சிக்கன் அங்கிள். எங்க ஊர்ப் பக்கத்து ஸ்பெஷல்."

"வேண்டாம் பிள்ளை. நீர் சாப்பிடும்."

பருப்பும் சோறுமாகக் குனிந்துகொண்டார்.

ஹரிப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. முன்பெல்லாம் இதே டப்பாவை வழித்துத் தின்றுவிட்டு, "உறைப்புக் காணாது" என்று குறை வேறு சொன்னவர். இவள் விசாவுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து தொடுவதில்லை. நாலு மாசமாகிறது.

நிரூபா சொன்னது சரிதான். எரிச்சல்! வேறென்ன?

அவர் தட்டைக் கழுவ எழுந்து போனதும், எதிரில் இருந்த, கூட வேலை பார்க்கும் பாலா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவரிட்ட நீட்டாதேங்கோ. ஏற்கனவே பாவம் அந்த மனுசன். நண்டெண்டா உயிரை விடுறவர், நாலு மாசமா மச்சம் மாமிசம் தொடேல்லை. சன்ஷைன் கோயில் முருகனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறார்."

"அவர் விசாவுக்கா?"

"அவற்ர விசாவுக்கெண்டா பரவாயில்லையே! உங்கட விசாவுக்கு. அது வரும் வரைக்கும் மரக்கறிதானாம். உங்களுக்குத் தெரியாதோ?"

ஹரிப்பிரியாவுக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. நாலு மாசம் அவராக இருந்த விரதம். கடைசி இருபத்திரண்டு நாள் இவள் போட்ட பட்டினி.

சாயங்காலம் கார் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"எனக்காக ஏன் அங்கிள்? உங்களுக்கு வேண்டிக்கக் கூடாதா?"

பாலாவின் வேலை என்று புரிந்து, வெட்கப்பட்டுச் சிரித்தார் யோகராசா.

"எனக்குக் கேட்டுக் கேட்டு முருகனுக்குக் காது புளிச்சிருக்கும் பிள்ளை. வேற ஆளுக்குக் கேட்டாலாவது திரும்பிப் பாக்கிறாரோ எண்டு பாத்தன்." சாவியைத் திருகாமல் கையிலேயே வைத்திருந்தார். "நான் வெளிக்கிடேக்க என்ர மகனுக்கு மூண்டு வயசு. இப்ப மீசை வந்திட்டுது. அவன் வளந்ததை நான் போனிலதான் பாத்தனான். உம்மட பிள்ளைக்கும் அப்பிடி ஆகக் கூடாதெல்லோ..."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து, மின்னஞ்சலில் வந்த அந்தக் கடிதத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"வந்துடுச்சு அங்கிள்."

சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இதுதானோ அந்தக் கடிதம்? இப்பிடித்தான் இருக்குமோ?"

முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி மேலே போய் முதலிலிருந்து வாசித்தார். தேதி இருந்த இடத்தில் விரல் நின்றது. ஹரிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும். காரை விட்டு இறங்கு என்று சொல்லட்டும். எல்லாம் தகும்.

யோகராசா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பத்திரமாக அவள் மடியில் வைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் பிள்ளை. உம்மட மகள் வந்து இறங்கட்டும். சனத்தின்ர கண் பொல்லாதது."