ஒன்றரை மீட்டர்

“அந்தக் கல்லு மேல கை வச்சே, கை இருக்காது!”

எர்மெக் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். எல்லைக்கல்லுக்கு மேல்பக்கம் நின்ற சாபிர் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

“ஓங்கு, நல்லா ஓங்கு. சர்வேயர் அம்மா பார்த்து எழுதிட்டுப் போகட்டும்.”

“ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. இப்படி மேல வந்து விழுந்தா நான் எப்படி அளக்கறது?” என்றாள் மைராம்.

உஸ்கென் நகர நில அளவை அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். ஒரு வாரமாகக் கொட்டிய மழை நேற்றுதான் விட்டிருந்தது. ஜீப்பை ஓடைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, முழங்கால் வரை சேறு அப்ப ஏறி வந்திருந்தாள்.

சரிவில் மேலே சாபிர் வீடு, கீழே எர்மெக் வீடு. நடுவில் வேலியும் அந்தக் கல்லும்தான். மகனுக்குக் கல்யாணம் முடித்த கையோடு வேலியோரம் ஓர் அறை கட்டலாம் என்று ஓடைக்கரையிலிருந்து கயிறு பிடித்த எர்மெக்குக்கு, இடம் குறைகிறது என்று தெரிந்தது. நேராகப் போய் மனு கொடுத்துவிட்டார்.

மைராம் கோலைக் கல்லின் தலையில் நிறுத்தினாள். கோல் நுனியில் இருந்த வெள்ளைக் கருவி செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்தது. கையிலிருந்த டேப்லெட்டில் மூன்று வருஷத்துக்கு முன் பதிவான எல்லைக்கோடு நீலமாக ஓடியது. இன்றைய புள்ளி அதன் மேல் விழவில்லை.

“கல் பழைய இடத்துல இல்ல. எர்மெக் அண்ணன் பக்கமா ஒன்றரை மீட்டர் வந்திருக்கு.”

“கேட்டுக்கோ!” எர்மெக்கின் குரல் கிழிந்தது. “மெஷினே சொல்லுது. அண்ணன் தம்பியா பழகிட்டு, ராத்திரி வந்து கல்லைப் பிடுங்கி நட்டிருக்கே!”

சாபிரின் முகம் வெளுத்துவிட்டது. “ரொட்டியைக் கொண்டு வா. அது மேல கை வச்சுச் சத்தியம் பண்றேன். நான் தொடல.”

“உன் கைபட்ட ரொட்டியை நாய்கூடத் திங்காது. என் வீட்டு ஊத்துத் தண்ணியைக் கலக்கி விடறது யாரு? நாலு நாளா சேறா வருது. மேல உக்காந்து ஆட்டு ரோமத்தை அலசறது நீதானே?”

“அப்ப என் வாசக்கதவை உதைச்சது யாரு? நிலையே கோணிப் போச்சு, சாத்த முடியல. குடிச்சுட்டு வந்தா உன் மகனுக்குக் கண்ணு தெரியுமா?”

“என் புள்ளையைச் சொன்னே...”

மண்வெட்டி மறுபடி உயர்ந்தது. மைராம் குறுக்கே பாய்ந்து எர்மெக்கின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, கருவி தப்பாவும் சொல்லலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் பாறையில அரசாங்கம் அடிச்ச அளவைக் குமிழ் இருக்கு. அதோட இடம் எங்களுக்குத் துல்லியமாத் தெரியும். அதை அளந்து பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் கல்லைத் தொடக்கூடாது.”

அவள் இறங்கிப் போனாள். இருவரும் கல்லுக்கு இரு பக்கமும் காவல் உட்கார்ந்தார்கள்.

சாபிர் தலையைக் குனிந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் திருடன் என்று பேசும். வீட்டில் மூன்று பெண்கள். பெரியவளைப் பெண் கேட்டு வருகிற வாரம் ஆட்கள் வருவதாக இருந்தது. எர்மெக் வீட்டுக் கூரைக்குத் தகரம் அடிக்கும்போது ஏணியில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தது இவர்தான். அதைச் சொல்லிக்காட்ட வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

மைராம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

“கருவி சரியாத்தான் இருக்கு.”

“ஆங்!” என்று எழுந்தார் எர்மெக். “எழுதும்மா. திருட்டுன்னே எழுது.”

அவள் எழுதவில்லை. கல்லை இன்னொரு முறை அளந்தாள். டேப்லெட்டையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோலைத் தூக்கிக்கொண்டு வேகமாக மேலே ஏறி, சாபிர் வீட்டு மூலையில் நிறுத்தினாள். அங்கிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து எர்மெக் வீட்டு மூலையில் நிறுத்தினாள்.

“கல்லை அளக்கக் கூப்பிட்டா வீட்டை எதுக்கு அளக்கறே?”

அவள் போனை எடுத்து யாரிடமோ ரஷ்ய மொழியில் ஏதோ படபடவென்று பேசினாள்.

“எர்மெக் அண்ணே, வீட்டுக்குள்ள யாரு யாரு இருக்காங்க?”

“எதுக்கு? தலைக்கு இவ்வளவுன்னு வரி போடவா? சம்சாரமும் மருமகளும் இருக்காங்க. பையன் தூங்கறான்.”

“சாபிர் அண்ணே, உங்க வீட்டுல?”

“பொண்ணுங்க மூணு பேரும் இருக்காங்க.” சாபிர் நிமிர்ந்து பார்த்தார். “அவங்களையும் போலீசுக்குக் கூட்டிட்டுப் போகணுமா?”

மைராமின் கையிலிருந்து கோல் நழுவிச் சேற்றில் விழுந்தது.

“கல்லை யாரும் நகர்த்தல அண்ணே. கல், உங்க வீடு, அவர் வீடு எல்லாமே சேர்ந்து ஒன்றரை மீட்டர் இறங்கியிருக்கு, நான் ஓடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளேயே இன்னும் நாலு விரல். கத்திக் கூப்பிடுங்க எல்லாரையும், மலை சரியுது!”