எலுமிச்சம்பழத்தின் சந்தேகம்

கோயில் வாசலில் இரண்டு புதுக் கார்கள் பூஜைக்கு வந்து நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. வேறு வேறு கம்பெனி. பூஜை முடிந்து, வெள்ளைக் காரின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. அதை நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளைக் கார் உறுமியதும் பழத்துக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, சாகறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். உலகத்துலயே பெரிய கம்பெனி உங்களோடதா, சிவப்பு அண்ணனோடதா?"

வெள்ளைக் கார் இன்ஜினை அணைத்தது. "இதென்ன கேள்வி? அதிகமா விக்கிறது நாங்கதான்."

"அதிகமா செய்யறது நாங்க," என்றது சிவப்பு.

"செஞ்சு? வெயில்ல காயப் போடவா?"

"நீங்க விக்கிறதுல பாதி லாரி. அதையும் கார்னு எண்ணுவீங்களா?"

"நீங்க மட்டும்? கூட்டாளி கம்பெனி செஞ்சதையெல்லாம் உங்க கணக்குல சேர்க்கலையா?"

சண்டை ஓயும்போதெல்லாம் பழம் மெதுவாகக் கேட்கும்: "போன வருஷம் எப்படி அண்ணே?" மறுபடி பற்றிக்கொள்ளும்.

மாலைகள் வாடி உதிர்ந்தன. டயர்கள் மண்ணில் புதைந்தன. மழை பெய்து, பழத்தின் விதை முளைத்து, இரண்டு கார்களுக்கும் நடுவே மரமாகி நின்றது.

ஒருநாள் அதன் முதல் பழம் சிவப்புக் காரின் கூரைமேல் விழுந்து, உருண்டு, வெள்ளைக் காரின் சக்கரத்தடியில் போய் நின்றது.

"எங்க கூரையில வந்தது. இது எங்க உற்பத்தி," என்றது சிவப்பு.

"எங்ககிட்டதானே வந்து சேர்ந்துச்சு? இது எங்க விற்பனை," என்றது வெள்ளை.

"அப்படிப் போடுங்கண்ணே!" என்றது சக்கரத்தடியில் கிடந்த புதுப் பழம்.