மூன்றாவது அடுக்கு

பொன்னெழுத்து பொறித்த சிவப்புப் பட்டுக்கொடியோடு பாங் தெஹாய் உள்ளே நுழைந்ததும், வாசல் காவலாளி எழுந்து நின்று கைதட்டினார். ஷென்ஜென்னில் பட்டுக்கொடி கொண்டுவருகிறவர் நன்றி சொல்லத்தான் வருவார்.

பாவம் காவலாளி. கொடியைக் கவுன்ட்டர் பெண்ணின் மேசைமேல் விரித்ததும்தான் தெரிந்தது, ‘சோம்பேறிகளின் கோட்டை’ என்று எழுதியிருந்தது.

“இதை உன் தலைக்கு மேல மாட்டி, போட்டோ எடுத்து ஊரெல்லாம் பரப்பப் போறேம்மா. என் கணக்கை முடக்கினது யாரு? அந்த ஆளுக்கு நாளைக்கு வேலை இருக்காது!”

இணையத்தில் ஆர்டர் எடுத்து சர்க்யூட் போர்டு செய்து கொடுக்கும் கம்பெனி அது. கவுன்ட்டரில் இருந்தவள், சந்தேகமான ஆர்டர்களை நிறுத்திவைக்கும் பாதுகாப்புப் பிரிவு ஊழியர். சட்டையில் பெயர் இல்லை, ஊழியர் எண் மட்டும்தான். வெந்நீர்க் குப்பியை நிதானமாகத் திறந்தாள்.

“உக்காருங்க முதலாளி. இங்க பேசறதெல்லாம் பதிவாகும், முன்னாடியே சொல்லிடறேன். உங்க கதவுப்பூட்டு போர்டுல ‘காவல்துறை உபயோகத்துக்கு மட்டும்’னு இருக்கு. நீங்க போலீஸா?”

“நான் பூட்டு விக்கறவன்! அப்படி எதுவும் அதுல கிடையாது.”

“போர்டுக்கு உள்ள, மூணாவது அடுக்கு. பேட்டரி முனைக்கு நேர் கீழே.” அவள் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாங் தன் மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். கடுகளவு எழுத்து. இருந்தது.

“போர்டை வரைஞ்சது யாரு?”

“நானேதான்! ஒவ்வொரு கோடும் என் கையால.”

“அப்ப இந்த எழுத்தும் உங்க கைதான். போலீஸ் பேரைப் போட்டுப் பூட்டு செஞ்சிருக்கீங்க. மத்தியானம் ஸ்டேஷனுக்குத் தகவல் போயிடும்.”

பாங்கின் குரல் இறங்கியது. “ஏம்மா, புத்தாண்டு வசந்த விழாவுக்குள்ள ஒரு ஓட்டல் முழுக்கப் பூட்டு மாட்டியாகணும். இல்லேன்னா என் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். வேற வழியே இல்லையா?”

“வரைஞ்சது வேற ஆளுன்னா போலீஸ் வரைக்கும் போகாது.”

பாங்குக்கு உயிர் வந்தது. காப்பியடித்தேன் என்று சொல்ல எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் யாரும் கூச்சப்படுவதில்லை. போர்டை அடுக்கடுக்காகச் சுரண்டிப் படமெடுத்து, தூசிகூட விடாமல் வரைந்து தருவதற்கென்றே கடைகள் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிப்பதில்லை.

“சரி, உண்மையைச் சொல்லிடறேன். மெங் ரூயின்னு ஒருத்தி செஞ்ச பூட்டு அது. ஒண்ணு வாங்கி, சந்தையில குடுத்து அப்படியே எடுத்தேன். பாதி விலைக்கு வித்தேன். அவ மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல.”

“எல்லா அடுக்கும் அவங்களோடதா?”

“எல்லாமே. ஒரு புள்ளிகூட நான் வைக்கல, போதுமா?”

“அவங்க வந்து கேக்கலையா?”

“எங்க கேக்கறது? கடையை மூடிட்டு ஓடிட்டா. இப்ப எவன்கிட்ட கைகட்டி நிக்கிறாளோ!” பாங் வாய்விட்டுச் சிரித்தார். “இனிமேதான் வந்து கேக்கப் போறாளாக்கும்!”

அவள் பதிவைச் சேமித்தாள். பிறகு முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

“அந்த எழுத்தை அங்க ஒளிச்சு வெச்சவளே நான்தான். கேக்கறதுக்குத்தான்டா இந்த வேலைக்கே வந்தேன்.”