நோட்டுல பத்தடி

"அம்மா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு மணி நேரமா பாயில புழு மாதிரி நெளியுற? வயித்து வலியா?"

வலி இல்ல, பயம். ஆனா ரெண்டும் ஒரே இடத்துலதான் வரும் போல.

அப்பா லாரியோட வெளியூர் போயிருந்தார். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். காலைல ஏழு மணிக்கு சர்வேயர் வந்துடுவார். அதுக்குள்ள சொல்லியே ஆகணும்.

"நான் நோட்டுல பொய் எழுதிட்டேன்மா."

"எந்த நோட்டுல?"

"தெருவை அளந்த நோட்டுல."

அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டா.

எங்க தெருவுல இருக்கிற நாப்பது வீட்ல ஒண்ணுகூட எங்க யார் பேர்லயும் இல்ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தாச்சு, ஆனாலும் தெரு முனையில ஒரு சர்க்கார் ஜீப் நின்னா எல்லாருக்கும் சோறு இறங்காது. போன மாசம்தான் தாலுகா ஆபீஸ்ல ஒரு வழி சொன்னாங்க. ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி தெரு முழுக்கப் பத்தடி அகலம் இருக்கணும், நீங்களே அளந்து எழுதிக் குடுங்க, சரியா இருந்தா எல்லாருக்கும் பட்டா. ஒரே ஒரு இடத்துல குறைஞ்சாலும் மொத்த ஃபைலும் திரும்பி வந்துடும்.

சங்கத் தலைவர் எங்க எதிர் வீட்டு மாமா. குழாய்ல தண்ணி சொட்டுனாகூட மீட்டிங் போடுவார், அதனால மீட்டிங் மாமான்னு பேர். எனக்குக் கணக்கு நல்லா வரும்னு டேப்பையும் நோட்டையும் என்கிட்ட குடுத்துட்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க டேப் நுனியை அவங்க வாசப்படி முன்னாடி வச்சுப் புடிக்கணும். நான் இந்தப் பக்கம் வரைக்கும் இழுத்து, என்ன வருதோ அதை எழுதணும். அவ்ளோதான்.

"எல்லா இடத்துலயும் பத்து வந்துச்சும்மா. நம்ம வீட்டுக்கு நேரா மட்டும் ஒன்பது. அந்தப் பக்கம் மாமா டேப்பைப் புடிச்சுக்கிட்டு 'எவ்ளோ பாப்பா?'ன்னு கத்துனார். பத்துன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி?"

"நம்ம முன்பக்கத் தகரச் சுவரை ஒரு அடி உள்ள தள்ளுனா உன் தையல் மெஷினை எங்க வைப்ப?"

சொல்லும்போதே அழுதுட்டேன்.

"இன்னைக்கு மீட்டிங்ல மாமா என்ன சொன்னார்னு கேட்டல்ல? சர்வேயர் அவரோட டேப்பைக் கொண்டு வர்றாராம். எவனாவது ஒரு விரல் ஏமாத்தியிருந்தாலும் அவன் வீட்டை நானே இடிப்பேன்னார். என்னால நாப்பது வீட்டுக்கும் போச்சும்மா."

"கணக்கு நல்லா வர்ற லட்சணமாடி இது?" அம்மா முந்தானையால என் மூக்கைத் துடைச்சு விட்டா. "மணி என்ன?"

"ஒண்ணரை."

"ஏழு மணிக்கு அஞ்சரை மணி நேரம் கிடக்கு. வெறும் தகரம்தானே, புடுங்கி ஒரு அடி உள்ள நட்டா முடிஞ்சுது. எந்திரி."

"மெஷின்?"

"உங்கப்பா கட்டிலைத் தூக்கி ஓரமா நிறுத்துவோம். மாசத்துல நாலு நாள் படுக்கிறவருக்குக் கட்டில் ஒரு கேடா? நம்ம பேர்ல ஒரு சொந்த இடம் வரட்டும்டி, நான் நின்னுக்கிட்டே தைக்கிறேன்."

அம்மா கடப்பாரைக்குப் பழைய துணியைச் சுத்துனா, சத்தம் கேட்கக் கூடாதுன்னு. மாமாவுக்குப் பூனைத் தூக்கம். தெருவுல ஒரு விளக்கு இல்ல. அம்மா மூச்சைப் புடிச்சுக்கிட்டு தகரத்தைத் தாங்குற மொத கம்பத்தோட அடியில ஒரு குத்து விட்டா.

டொக்.

எதிர்ப் பக்கம் இருந்து ஒரு டொக்.

"எதிரொலிம்மா," அப்படின்னேன்.

"நான் குத்துனது மண்ணுலடி. அங்க சிமெண்ட் உடையுது."

அம்மா போன் லைட்டைத் திருப்புனா. மீட்டிங் மாமா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சுத்தியலும் உளியுமா அவர் வீட்டு வாசப்படி முன்னாடி குத்த வச்சு உக்காந்திருந்தார். பாதிப் படி இல்ல.

"லைட்டை அணைம்மா, மானம் போகுது!"

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"நீ என்னம்மா பண்ற?"

அம்மா கடப்பாரையை முதுகுக்குப் பின்னாடி மறைச்சா. அது அவளை விட உசரம்.

"டேப் நுனியைப் படிக்கு வெளிய வச்சுப் புடிக்கணும்," மாமா எங்கயோ பாத்துக்கிட்டே முனகுனார். "நான் படியைத் தாண்டி உள்ள வாசக்கால்ல வச்சுப் புடிச்சுட்டேன். பாப்பா பத்துன்னு சொன்னதும் தப்பிச்சோம்டா சாமின்னு விட்டுட்டேன். நீங்கல்லாம் எங்கிட்ட தலையாட்டுற மாதிரி சர்வேயர் டேப் தலையாட்டுமா?"

அப்படின்னா அந்த ஒன்பதே பொய்யா? எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு.

"மாமா, அப்போ அவர் அளந்தா எட்டுதானே வரும்?"

"அதான் உடைக்கிறேன்ல! உங்க வீட்ல ஒண்ணு, எங்க வீட்ல ஒண்ணு, சரியாப் போச்சு. தெருவுல யாருக்கும் தெரிய வேணாம், மத்தவங்க எல்லாம் ஒழுங்காத்தான்..."

பேச்சை நிறுத்திட்டார். தெரு முனையில ஒரு டொக். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. அப்புறம் டேப் நுனியைப் புடிச்ச மாமா வரிசையில வீட்டுக்கு வீடு, துணி சுத்துன டொக், சுத்தாத டொக், யாரோ யாரையோ "மெதுவாடா, மாமா முழிச்சுக்குவார்"னு திட்டுற சத்தம்.

நோட்டுல நான் எழுதின பத்துல ஒண்ணுகூட பத்து இல்ல, ஆனா விடியறதுக்குள்ள எல்லாமே பத்தாயிடும்.